கைநாட்டிலிருந்து ஏடிஎம் வரை: ஊரில் முதியோர் வகுப்பு நடத்துவது எப்படி

முதல் நாளே கரும்பலகையில் அ, ஆ, இ, ஈ என்று எழுதித் தொடங்கும் முதியோர் வகுப்பு மூன்றாவது வாரத்தில் பாதியாகிவிடும். 247 எழுத்தையும் வரிசையாக முடித்துவிட்டுத்தான் ஒரு சொல்லைப் படிக்கலாம் என்றால், ஐம்பது வயது அம்மாவுக்கு அந்தப் பொறுமை எதற்கு? அவர் வருவது பஸ் போர்டைப் படிக்க, பேங்கில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட, போனில் வந்த மெசேஜ் பணம் வந்ததைச் சொல்கிறதா போனதைச் சொல்கிறதா என்று அடுத்தவரிடம் நீட்டாமல் தெரிந்துகொள்ள. பேச்சும் கணக்கும் உலக அனுபவமும் அவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. வாயில் இருப்பதைக் கண்ணுக்குக் கொண்டுவருவதுதான் சொல்லிக்கொடுப்பவரின் வேலை. தமிழுக்கும் இது பொருந்தும், பின்னால் வரும் இங்கிலீஷுக்கும் பொருந்தும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 விழுக்காடு, பெண்களில் 73. எந்தத் தெருவிலும் ஒரு வகுப்புக்கு ஆள் உண்டு. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரை நடக்கிறது. சொல்லிக்கொடுப்பவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெயர்களைப் பதிந்துகொண்டால் புத்தகம் கிடைக்கும், கடைசியில் தேர்வும் சான்றிதழும் உண்டு. அந்தத் தேர்வில் படிப்பு, எழுத்து, எண் மூன்றுக்கும் 50 வீதம் 150 மதிப்பெண். பதிவது நல்லது. ஆனால் தேர்வுக்காக மட்டும் நடத்தினால் தேர்வோடு வகுப்பும் முடிந்துபோகும்.

இடம், நேரம், கண்ணாடி

ஒருவர் சொல்லிக்கொடுக்க 8 முதல் 12 பேர் சரியான அளவு. 15ஐத் தாண்டினால் பின்வரிசை சும்மா உட்கார்ந்திருக்கும், இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரத்தை நீங்கள் முடிவுசெய்யாதீர்கள். வீட்டிலிருக்கும் பெண்களுக்குப் பகல் 2 மணி தோதாக இருக்கும், கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவு 7.30. சீரியல் நேரத்தோடு மோதி ஜெயித்த வகுப்பு கிடையாது, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தினம் ஒன்றரை மணி நேரம், வாரம் 5 நாள் என்று வைத்தால் மொத்தம் 200 மணி நேரப் பாடத்துக்கு 27 வாரம் ஆகும். வாரம் 3 நாள் என்றால் 44 வாரம் இழுக்கும், அதற்குள் பாதி மறந்துபோகும். நடவு, அறுப்பு, ஊர்த் திருவிழா நாட்களைக் காலண்டரில் முன்கூட்டியே அடித்துவிட்டு, அந்த வாரங்களில் லீவு என்று நீங்களே அறிவித்துவிடுங்கள். தாமாக நின்றவர் திரும்பி வரக் கூச்சப்படுவார், அறிவித்த லீவுக்குப் பின் எல்லாரும் வருவார்கள்.

பள்ளிக்கூட வகுப்பறை வேண்டாம். சிறுபிள்ளை பெஞ்சில் முட்டி இடிக்கும், பழைய பயமும் திரும்ப வரும். கோயில் மண்டபம், குழுக் கட்டிடம், யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை எதுவும் போதும். கட்டாயம் வேண்டியது வெளிச்சம்: 20 வாட் எல்இடி குழல்விளக்கு ஒன்றாவது, படிப்பவர்களின் தலைக்கு முன்னால் இருக்கவேண்டும். பின்னால் இருந்தால் அவரவர் நிழல் அவரவர் சிலேட்டில் விழும்.

அடுத்தது கண். நாற்பதைத் தாண்டிய பெரும்பாலோருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். இதுவரை படித்ததே இல்லை என்பதால் அது அவர்களுக்கே தெரியாது. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுகிறாரா என்று கேட்டால் தெரிந்துவிடும். 'எனக்குப் படிப்பு ஏறாதுங்க' என்று சொல்பவர்களில் பலருக்கு வேண்டியது ஒரு கண்ணாடி. வகுப்பு தொடங்கும் முன்பே அரசு ஆஸ்பத்திரிக்கோ இலவசக் கண் முகாமுக்கோ எல்லாரையும் ஒருமுறை அழைத்துப் போங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களைக் கட்டாயம் காட்டுங்கள். முதல் மாதம் தாளில் அச்சடிக்கும் எழுத்து 24 பாயிண்ட்டுக்குக் குறையக்கூடாது, பலகையில் நான்கு விரல் உயரம் இருக்கட்டும்.

பொருட்களுக்கு அதிகம் செலவில்லை: 4 அடிக்கு 3 அடி பலகை ஒன்று, ஆளுக்கொரு சிலேட்டு, ஒரு டப்பா பல்பம், நான்காவது வாரத்திலிருந்து அகலக்கோடு போட்ட நோட்டும் தடித்த பென்சிலும். சிலேட்டைச் சிலர் 'சின்னப்புள்ளைங்க மாதிரி' என்று தள்ளுவார்கள். அப்படிச் சொல்பவருக்கு நோட்டே கொடுத்துவிடுங்கள். மற்றவர்களுக்கு முதல் மூன்று வாரம் சிலேட்டே நல்லது. அழித்தால் தப்பு போய்விடுகிறது, நோட்டில் அது நிற்கிறது. மண்வெட்டி பிடித்த கை பென்சிலை நெரிக்கும், நுனி உடையும். தரையில் கோலமாவால் எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடும் கைக்கு 'இ' ஒன்றும் பெரிய வளைவு இல்லை.

முதலில் பெயர்

முதல் வாரம் முழுவதும் அவரவர் பெயர்தான். மாரியம்மாள் என்றால் மா, ரி, ய, ம், மா, ள் என்று ஆறு துண்டு. அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள், மேலே விரல் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு அட்டையைத் துண்டுகளாக வெட்டிக் கலைத்துப்போட்டு அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு 'மா' இருப்பதை அவரே கண்டுபிடிப்பார். எழுத்து என்றால் என்ன என்பது அந்த இடத்தில்தான் பிடிபடுகிறது. மா தெரிந்தவருக்கு மாமா முழுதாகத் தெரியும், மாடு அரைவாசி தெரிந்த மாதிரி.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெயர் எழுத வந்த சந்தோஷத்தில் நேராகப் பேங்குக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் பணம் தரமாட்டார்கள், அவர்களிடம் இருக்கும் மாதிரி கைநாட்டு. முதலில் ஒரே வடிவத்தில், அதே இனிஷியலோடு, ஒரு நூறு முறையாவது எழுதிக் கை பழகவேண்டும். பிறகு ஆதார், பாஸ்புக், போட்டோவோடு கிளைக்குப் போய், இனிமேல் கையெழுத்து என்று மனு கொடுத்துப் பதிவை மாற்றவேண்டும். கை நிலைப்படும் முன்னால் மாற்றினால் ஒவ்வொரு தடவையும் 'கையெழுத்துச் சேரலை' என்று திருப்பி அனுப்புவார்கள். அப்படி இரண்டு முறை திரும்பியவர் மூன்றாம் முறை மைப்பெட்டியைத்தான் கேட்பார்.

ட, ப, ம

இரண்டாம் வாரம் நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள்: ட, ப, ம. இவற்றோடு துணைக்கால், இகரம், உகரம், புள்ளி நான்கையும் சேர்த்தால் 15 வடிவம். கூட 'அ' ஒன்று. இதை வைத்தே அம்மா, அப்பா, படி, மாடு, பாட்டு, பாட்டி, பாம்பு, பட்டா, அடுப்பு என்று இருபது சொல்லுக்குமேல் வரும். பத்துப் பன்னிரண்டு நாளில் 'அம்மா, பாட்டுப் பாடு' என்று ஒரு முழு வாக்கியத்தைப் படித்துவிடுவார். அடுத்த தொகுதி க, ச, ர, வ, ல, ஐகாரம்: கடை, விலை, அரிசி, பருப்பு, வட்டி, வரி. சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அது அவர் வாழ்க்கையில் புழங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். 'வட்டி' என்று எழுதிப்போட்டால் வகுப்பு அரைமணி நேரம் பேசும். பேசவிடுங்கள், அப்புறம் யாரும் அந்தச் சொல்லை மறக்கமாட்டார்கள்.

எங்கே இடறும் என்பது கிட்டத்தட்ட எல்லா வகுப்பிலும் ஒன்றுதான். ரகரமும் துணைக்காலும் கையெழுத்தில் ஒரே மாதிரி தெரியும். ரகரத்தின் காலைச் சாய்த்து இழுத்துக் காட்டுங்கள். கொம்பு எழுத்துகளில் சத்தம் பின்னால் வருகிறது, கொம்போ முன்னால் நிற்கிறது. 'கடை' எழுதும்போது கட வரைக்கும் எழுதிவிட்டுக் கொம்பைக் கடைசியில் மாட்டுவார்கள். கொம்பு எழுத்தைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்காமல் கை, டை, லை என்று முழு வடிவமாக அட்டையில் பழக்கினால் இது குறையும்.

உகரம்தான் பெரிய தலைவலி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வால். அகரவரிசையில் கொடுக்காமல் வாலை வைத்துப் பிரியுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு கீழே இறங்கும் குடும்பம். து, நு, ணு, லு, று, னு காலை மேலே தூக்கும் குடும்பம். ஙு, ஞு இரண்டையும் விட்டுவிடலாம், அவற்றை வைத்து எழுத அவருக்குச் சொல்லே இல்லை. ஊகாரம் படிக்கிற போக்கில் வரட்டும். ஔ வரிசையையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

சிறுவயதில் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு வரை போய் நின்ற பெரியவர்கள் சிலர் லை, னை போன்றவற்றைத் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் எழுதுவார்கள், றா, னா எழுத்துகளைச் சுழித்து எழுதுவார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அதுதான் முறை. தப்பு என்று அடிக்காதீர்கள். இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்; வீட்டில் இருக்கும் பழைய பத்திரத்தைப் படிக்க மற்றவர்களைவிட அவருக்குத்தான் வரும்.

படிக்கிறார்களா, ஒப்பிக்கிறார்களா என்று வாராவாரம் சோதியுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ராகமாகப் படித்தால் மூன்று பேர் படிக்கிறார்கள், ஏழு பேர் வாயசைக்கிறார்கள். பக்கத்தில் எந்தச் சொல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்தே பலர் சொல்லிவிடுவார்கள். கீழிருந்து மேலாகப் படிக்கச் சொன்னால் வெளிப்பட்டுவிடும். இதைவிட நல்ல சோதனை, கற்ற எழுத்தை வைத்துக் கற்காத சொல்லைக் கேட்பது: படி, மாடு தெரிந்தவரிடம் 'படு', 'மாடி' எழுதச் சொல்லுங்கள். எழுதினால் அவர் படிக்கிறார். பார்த்து அழகாக எழுதிவிட்டு என்ன எழுதினோம் என்று சொல்லத் தெரியாதவர் படம் வரைகிறார். அவரை ஒரு தொகுதி பின்னால் கொண்டுபோங்கள், தனியாக, யாருக்கும் தெரியாமல்.

எண்

கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். பூ விற்கும் அம்மா உங்களைவிட வேகமாக மனக்கணக்குப் போடுவார். அவருக்குத் தெரியாதது எழுதுவது மட்டும். 'நூற்றைந்து' என்றால் காதில் நூறும் ஐந்தும் கேட்கிறது, ஆகவே 1005 என்று எழுதுவார். 'ஆயிரத்து ஐந்நூறு' 1000500 ஆகும். தாளில் நூறு, பத்து, ஒன்று என்று மூன்று கட்டம் போட்டு, 100 ரூபாய்த் தாள், 10 ரூபாய்த் தாள், 1 ரூபாய் நாணயம் வைத்துக் காட்டினால் நாலு நாளில் தெளியும். பத்து ரூபாய்க் கட்டம் காலியாக இருந்தால் அங்கே பூச்சியம் உட்காரவேண்டும் என்பதுதான் பாடம்.

இதே வாரத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மாத்திரைக்கு எதிரில் 1-0-1 என்று டாக்டர் எழுதியிருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. மூன்று எண்ணில் இவ்வளவு பயன் தரும் பாடம் வேறு கிடைக்காது. ஆனால் மாத்திரைப் பெயரைப் படித்து எடுக்கப் பழக்காதீர்கள். பாதி எழுத்துத் தெரிந்த நிலையில் ஒரே மாதிரிப் பெயர்கள் குழப்பும், அது ஆபத்து.

வராமல் போகிறவர்கள்

மூன்றாவது வாரமும் இரண்டாவது மாதமும் ஆள் உதிரும் காலம். இரண்டு நாள் தொடர்ந்து வராதவர் வீட்டுக்கு மூன்றாம் நாள் போய்விடுங்கள். 'ஏன் வரலை' என்று கேட்காமல் 'உங்க சிலேட்டு அங்கேயே இருக்குக்கா' என்றால் போதும். விட்ட பாடத்தை வகுப்பு தொடங்கும் முன் பத்து நிமிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். சொல்லிக்கொடுக்கிறவர் கல்லூரி மாணவராக இருந்தால், எல்லாரையும் அக்கா, பெரியம்மா, ஐயா என்று முறைவைத்து நீங்க, வாங்க என்றே கூப்பிடவேண்டும். பலகைக்கு வரச் சொல்லி யாரையும் தனியாக நிறுத்தாதீர்கள். வீட்டுப்பாடம் பத்து நிமிடத்துக்குமேல் வேண்டாம். பேரப்பிள்ளைகள் உதவட்டும் என்று சிலர் சொல்வார்கள்; பெரும்பாலும் அதுகள் சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிடும்.

எழுத்தோடு வேறொரு இழுப்பும் இருக்கட்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. சைக்கிளுக்காக வந்தவர்களும் எழுத்துக் கற்றார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது செல்போன்.

இங்கிலீஷ் எப்போது, எங்கிருந்து

தமிழில் நாலு வரியைத் தடங்கலில்லாமல் படிக்கும் வரை இங்கிலீஷைத் தொடாதீர்கள். இரண்டு எழுத்து முறையையும் ஒரே மாதத்தில் கொடுத்தால் இரண்டும் நிற்காது. ஆரம்பிக்கும்போது கேப்பிடல் எழுத்து மட்டும். கதவிலும் போர்டிலும் மெஷினிலும் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. திருப்பிப் போட்டால் வேறெழுத்தாகிற வம்பும் கேப்பிடலில் குறைவு. எம், டபிள்யூ இரண்டையும் மட்டும் கவனித்தால் போதும்.

ஏ ஃபார் ஆப்பிள் வேண்டாம். எழுத்தே தெரியாத ஒருவர் தினமும் எத்தனை இங்கிலீஷ் எழுத்தை வாயால் சொல்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஏடிஎம் என்றால் மூன்று எழுத்து. டிவி, ஈபி, ஓடிபி, எல்ஐசி, பெரியாஸ்பத்திரிக்கு ஜிஹெச், பிடிஓ ஆபீஸ், எஸ்எஸ்எல்சி, எம்ஜிஆர், டிஎம்கே, வண்டி நம்பரில் டிஎன். இதுவரை 18 எழுத்து ஆயிற்று. எஃப்ஐஆர், யுபிஐ, க்யூஆர், ஜேசிபி, பிடபிள்யூடி, எக்ஸ்ரே சேர்த்தால் 24. ஒய்யும் இசட்டும் மட்டும் மிச்சம். ஒவ்வொரு பெயரையும் அவர் ஆயிரம் தடவை சொன்னவர். அட்டையில் எழுதி, 'இதுதாங்க ஏ, இது டி, இது எம்' என்று விரல் வைத்துக் காட்டினால் அந்த நிமிடமே பிடித்துக்கொள்வார். ஒரு நாளைக்கு இரண்டு பெயர் வீதம் பத்து வகுப்பில் முடியும். அதற்குள் ஒரு நாள் எல்லாரையும் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் இந்த எழுத்துகளைப் போர்டுகளில் தேடச் சொல்லுங்கள்.

இதில் ஒரு சிக்கல் தமிழிலேயே இருக்கிறது. பஸ்ஸுக்கு வரும் எழுத்தையும் பேப்பருக்கு வரும் எழுத்தையும் நாம் 'பி' என்றேதான் எழுதுகிறோம். டிவியின் டி, டிஎம்கேயின் டி இரண்டும் அப்படியே. காதும் இரண்டையும் ஒன்றாகக் கேட்கும். 'பஸ் பி, பேப்பர் பி' என்று பெயரோடு ஒட்டியே சொல்லுங்கள், பெரிய வகுப்புக்குப் போனாலும் விடாதீர்கள்.

எழுத்துத் தெரிந்தபின் சொல். பஸ், பேங்க், பில், கேஸ், சிம், பின், டிக்கெட், மீட்டர், லேடீஸ், ஜென்ட்ஸ், ஓபன், புஷ், புல், ஸ்டாப் என நாற்பது சொல் முழுதாகக் கண்ணில் பதியட்டும். பஸ்ஸில் யு ஏன் அகரமானது, புஷ்ஷில் ஏன் உகரமானது என்று விளக்கப் போனால் வகுப்பு அங்கேயே நின்றுவிடும். ஒன்று மட்டும் சொல்லலாம்: இங்கிலீஷ் எழுத்து நம் புள்ளி வைத்த எழுத்து மாதிரி, உயிரைப் பக்கத்தில் தனியாக எழுதவேண்டும். மாத்திரை அட்டையில் காலாவதியைக் குறிக்கும் ஈ, எக்ஸ், பி என்ற மூன்று எழுத்தைத் தேடி, பக்கத்தில் இருக்கும் மாதத்தையும் வருடத்தையும் படிக்கச் சொல்லுங்கள்.

பெயரை இங்கிலீஷில் எழுதப் பழக்கும்போது ஆதாரில் உள்ள ஸ்பெல்லிங்கையே எழுதிக்கொடுங்கள். லட்சுமியை மூன்று நான்கு விதமாக எழுதலாம், உங்களுக்குச் சரியென்று படுவதை எழுதிக்கொடுத்தால் அவர் அதையே எல்லா இடத்திலும் எழுதுவார். பாஸ்புக் ஒரு மாதிரி, மனு ஒரு மாதிரி ஆகும்.

பேச்சு இங்கிலீஷ் கேட்பவர்களுக்கு அவர்கள் வேலையைப் பொறுத்துப் பதினைந்து வாக்கியம் போதும். ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்பவருக்கு வேண்டியது வேறு, மளிகைக் கடையில் நிற்பவருக்கு வேண்டியது வேறு. இருவரை எதிரெதிரே நிறுத்தி வாடிக்கையாளர், கடைக்காரர் என்று பேசவிடுங்கள். 'ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி' முதல் வாக்கியமாக இருக்கட்டும், மற்றவை தடுமாறும்போது அதுதான் காப்பாற்றும். இஸ்கூல், இஸ்டேஷன் என்று சொன்னால் திருத்தவேண்டாம், எதிரே இருப்பவருக்குப் புரிகிறது.

ஸ்மால் எழுத்து கடைசி மாதத்தில், பேங்க் மெசேஜுக்காக. 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் பெறும் பெண்கள் பலருக்கு மாதாமாதம் அந்த மெசேஜ் வருகிறது. பாடப்புத்தகமாக அதையே வையுங்கள். ஒரு மெசேஜைச் சார்ட்டில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், கணக்கு எண்ணை மாற்றி எழுதுங்கள். இரண்டு சொல்லைத்தான் முதலில் தேடவேண்டும். கிரெடிட்டட் என்றால் வந்தது, டெபிட்டட் என்றால் போனது. இரண்டுக்கும் வால் ஒன்று போலவே இருக்கும், ஆகவே தலையைப் பார்க்கவேண்டும்: சி என்றால் வரவு, டி என்றால் பற்று. அடுத்தது தொகை. 1000 ரூபாய்க்குப் பின்னால் புள்ளியும் இரண்டு பூச்சியமும் இருக்கும். புள்ளி கண்ணில் படாதவர் ஒரு லட்சம் என்று படித்துவிடுவார். புள்ளிக்குப் பின்னால் இருப்பது பைசா, அதைக் கைவிரலால் மறைத்துப் படிக்கப் பழக்குங்கள். எக்ஸ் எக்ஸ் என்று வருவது கணக்கு எண்ணை மறைக்க, அதைப் படிக்கவேண்டியதில்லை.

இந்தப் பாடத்தில் சொல்லிக்கொடுப்பவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யாருடைய பின் நம்பரையும் ஓடிபியையும் வகுப்பில் கேட்கக்கூடாது, யார் போனையும் கையில் வாங்கி அழுத்தக்கூடாது, பாஸ்புக்கை 'பத்திரமா இருக்கட்டும்' என்று வாங்கிவைக்கக்கூடாது. ஏடிஎம்முக்குக் கூட்டிப்போனால் அவர் பின் நம்பர் அழுத்தும்போது நீங்கள் திரும்பி வாசலைப் பார்த்து நில்லுங்கள். மூன்று முறை தப்பாக அழுத்தினால் அன்றைக்குக் கார்டு முடங்கிவிடும் என்பதை உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டாவது தடவை தப்பானதும் கேன்சல் பட்டனை அழுத்திவிட்டு வெளியே வந்து, நிதானமாக யோசித்துவிட்டு மறுபடி போகலாம்.